ஹேமஸ்ரீயின் இடது காது

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. மடியில் பிள்ளை இருந்தால் அப்படியே இருக்கட்டும், இறக்கிவிட வேண்டாம். இன்றைக்கு நான் சொல்லப்போவது பெரிய இடத்துக் கதை இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், ஒரு லைன் வீட்டில், ஒரு பெண் குழந்தையின் காதுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கேட்கக் கொஞ்சம் வலிக்கும். ஆனாலும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

அந்த லைன் வீடுகளுக்கும் இரும்புக் கம்பி உருட்டும் மில்லுக்கும் நடுவே ஒரு மதில்தான். காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி, சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். குடத்தை மூடாமல் வைத்தால் தண்ணீரின் மேல் இரும்புத் தூள் மினுமினுக்கும். சத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொட்டிலில் தூங்குகிற பிள்ளை, மில் ஓடும்போது தூங்கும். கரண்ட் போய் மில் நின்றால் திடுக்கிட்டு விழித்து அழும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அமைதிதான் புதுசு.

துளசிராமனுக்கு அந்த மில்லில்தான் வேலை. உலையில் பழுத்த இரும்பு, சுழலும் உருளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் மெலிந்து நீண்டு பாய்ந்து வரும். அதை நீள இடுக்கியால் கவ்வித் திருப்பி அடுத்த உருளைக்குள் விட வேண்டும். கண் ஒரு பக்கம் போனால் கால் போய்விடும். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சுக்கு வேலையே இல்லை. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. விரலை மடக்கி இழுத்தால் கிட்டே வா. கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் தண்ணீர். ஜாடையைப் பார்க்காமல் நிற்பவனைப் பின்னால் இருப்பவன் அடித்துத் திருப்பலாம். அதற்கு அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

துளசிராமன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், உருளையிலிருந்து கம்பி தடம் மாறி எகிறிவிட்டது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். பக்கத்து இடுக்கிக்காரர் தானியேல் ஓடிவந்து அவன் பிடரியில் ஓங்கி அறைந்தார். குப்புற விழுந்தவனின் தலைக்கு மேலே கம்பி பறந்து போய் மதிலைக் கருக்கியது. அன்றிலிருந்து தானியேல் அவனுக்கு அண்ணன். "அந்த ஒரு அடி உழலன்னா நான் போட்டோவுலதான் கீறன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். அடி என்றால் அவன் மனசில் அது உயிர் கொடுத்த விஷயமாகவே பதிந்துபோனது.

அவன் மனைவி குணசுந்தரி, சிப்காட்டில் அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனிக்குப் போனாள். ஒரே பெண் ஹேமஸ்ரீ. நாலாவது படித்தாள். கேள்வி கேட்டே ஆளைச் சாகடிக்கிற பிள்ளை. "நைனா, இரும்புக்கு ஜொரம் வந்தா இன்னா மாத்திர குடுப்பாங்க?" என்று ஒருநாள் கேட்டாளாம். துளசிராமன் அதை மில் கேன்டீனில் போய்ச் சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்து, அடுத்த நாளும் சொல்லிச் சிரித்தான். பாசம் இல்லாதவன் என்று மட்டும் அவனை நினைத்துவிடாதீர்கள்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம். குணா வேலைக்குப் போயிருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த துளசிராமன் அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, "பொங்குனா அடுப்ப நிறுத்து" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் குளிக்கப் போனான். அவள் தரையில் சாக்பீஸால் ரயில் வரைந்துகொண்டிருந்தாள். ரயிலுக்குப் பெட்டி சேர்த்துக்கொண்டே போனதில் சுவர்வரைக்கும் வந்துவிட்டாள். சோறு பொங்கி வழிந்து நெருப்பு அணைந்தது. ஈரத் தலையோடு வந்தவனுக்கு வாசற்படியிலேயே கேஸ் நாற்றம் அடித்தது. "ஏய், அடுப்பு" என்று கத்தினான். மில் இரைச்சலில் அவள் காதில் விழவில்லை. இரண்டே எட்டில் உள்ளே வந்து, குனிந்திருந்த பிள்ளையை இடது காதோடு சேர்த்து அறைந்தான். பிறகுதான் அடுப்பை நிறுத்தினான்.

அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. காதைப் பொத்திக்கொண்டு, "நைனா, விசிலு அடிக்குது" என்றாள்.

"அடிக்கும். அப்பதான் ஒயுங்கா ஞாபகம் இருக்கும்" என்றான்.

ராத்திரி சாப்பிடும்போது குணாவிடம் அவனே சொன்னான். "ஊடே பத்திகினு இருக்கும். ஒண்ணு போட்டன். இனிமே பாரு, கூப்ட்டா ஒடனே திரும்புவா."

அவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் திரும்பாமலே போனாள்.

கூப்பிட்டால் பேசாமல் நிற்பாள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கூப்பிட வேண்டியிருந்தது. "திமிரு ஏறிப்போச்சி" என்றான் துளசிராமன். தலையில் ஒரு தட்டு, முதுகில் ஒரு தட்டு, சில நாள் மறுபடி அதே கன்னம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வது ஒன்று, இவள் எழுதுவது ஒன்று. முதல் பெஞ்சில் இருந்தவளைக் கடைசியில் உட்காரவைத்தார்கள். "வீட்ல கொஞ்சம் கண்டிச்சி வைங்க" என்று சொல்லியனுப்பினார்கள். கண்டித்தார்கள். குணாவும் தன் பங்குக்குத் தோசைக் கரண்டியைக் கையில் எடுத்தாள். காதில் வலி என்று சொன்னபோது பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினாள். வலி போகவில்லை. தலையணை உறையில் மஞ்சளாகக் கறை படிந்தது. "வேர்வை" என்று துவைத்துப் போட்டாள்.

கேள்விகள் நின்றுபோனது எப்போது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஒரு சத்தம் நின்றால்தானே தெரியும். கேள்விகள் அப்படி நிற்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதற்குப் பதிலாக அவள் ஒன்று கற்றுக்கொண்டாள். யார் எதைக் கேட்டாலும் அவர்கள் முகத்தைப் பார்த்து "ஆமா" என்று சொல்வாள். ஆமா சொன்னால் அடி குறைவு. விடியற்காலையில் பாய் நனைந்திருக்கும். அவளே அதைத் திருப்பிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள்.

கார்த்திகை மழை. லைன் வீடுகளின் முதல் அறையில் கடை வைத்திருந்த சைதாவுக்குப் பழவேற்காட்டிலிருந்து இறால் வந்திருந்தது. அவள் கணவர் அமீருதீன் மழையில் நனைந்துகொண்டே டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியது. குணாவுக்கு அன்று கம்பெனி லீவு. இரண்டு பேரும் கடை உள்ளே உட்கார்ந்து இறால் உரித்தார்கள். மேலே தகர ஷீட்டில் மழை.

"இன்னா குணா, தோல உரிக்கறியா, எறாவயே உரிச்சி வீசறியா? பாதி சதை குப்பைக்குப் போவுது."

"நாஷ்டா துன்னலக்கா. கை ஒதறுது."

"ஏன், உங்க ஊட்டுக்காரு சமைச்சிப் போடலியா?"

"அவரு அடுப்புக்கிட்ட வந்தாருன்னா அடுப்பே எழுந்து ஓடிடும். நீ வேற."

சைதா சிரித்தாள். இரண்டு மூன்று இறாலை உரித்துப் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றன், கோச்சிக்காத. நேத்து உம் பொண்ணு என் பூனைய அடிச்சா."

"பூனையவா? கடிச்சிருக்கும்."

"அது எங்க கடிச்சிது. தூங்கிகினு இருந்துச்சி. பக்கத்துல குந்திகினு, 'கூப்ட்டா திரும்பத் தெரியாது? திமிரா?'ன்னு கேட்டுக் கேட்டு, காதுமேலயே அடிக்கறா. கோவமா அடிச்சாகூட நான் வுட்டுடுவன். மொகத்துல ஒண்ணுமே இல்ல குணா. வேல செய்யற மாதிரி அடிக்கறா."

குணா இறாலை வைத்துவிட்டாள்.

"எனக்கே பேஜாரா கீதுக்கா அவளால. படிப்பும் ஏறல. எத்தக் கேட்டாலும் ஆமா ஆமான்றா. அவரும் அடிச்சிப் பாத்துட்டாரு, நானும் அடிச்சிப் பாத்துட்டன்."

"அடிச்சிப் பாத்தீங்க. அவ காதப் பாத்தீங்களா? நேத்து என் போன அவ எடது காதுல வெச்சன், எங்க அக்கா பேசறான்னு. ஒடனே வாங்கி வலதுக்கு மாத்திக்கறா. கூப்புடு அவள இங்க."

ஹேமஸ்ரீ வந்தாள். பாவாடை நுனியை மென்றுகொண்டிருந்தாள். சைதா அவளைத் தன் முன்னால் முதுகு காட்டி நிற்க வைத்தாள். இறால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் வலது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். இடது காதுப் பக்கம் குனிந்தாள்.

"ஹேமா, எலந்தவடை வேணுமா?"

பிள்ளை எதிரில் இருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"கேக்குதேக்கா" என்றாள் குணா.

"இரு." சைதா மறுபடி குனிந்தாள். "உம் பேரு அமீருதீனா?"

"ஆமா."

சைதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ உங்க அம்மாவோட மாமியாரா?"

அம்மாவின் முகம் மாறுவதைப் பிள்ளை கவனித்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும். இன்னும் அழுத்தமாக, "ஆமாம்மா, ஆமா" என்றாள்.

குணா இறால் நாற்றம் அடிக்கும் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைக்கத்தான் கை நீட்டினாள். பிள்ளை அதற்குள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் துளசிராமனும் குணாவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறிச் சென்னையில் இருக்கும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காது டாக்டர் ஒரு பெண். இளவயசு, கண்ணுக்குக் கீழே தூக்கம் தொங்கியது. மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டுத் திரையில் காட்டினாள். சிவந்த சவ்வின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை.

"எப்படிம்மா ஆச்சு?" என்று குழந்தையைக் கேட்டாள், வலது பக்கம் வந்து உட்கார்ந்து.

"கீழ உழுந்துட்டன்."

"ஸ்கூல்லயா?"

"ஆமா."

"வீட்லயா?"

"ஆமா."

டாக்டர் நிமிர்ந்து பெரியவர்களைப் பார்த்து ஏதோ கேட்டாள். துளசிராமன், "இன்னாங்க மேடம் சொல்றீங்க? கொஞ்சம் கத்திச் சொல்லுங்க" என்றான். அவன் குரல் வெளியே வராந்தாவரைக்கும் கேட்டது.

"உங்களுக்கும் காது மந்தமா?"

"மில்லுங்க. எங்க ஆளுங்க எல்லாருக்கும் இப்டித்தான்."

"சரி. இவள யாரு அடிச்சது?"

குணா தரையைப் பார்த்தாள். துளசிராமனுக்கு இந்தக் கேள்வி முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது.

"நாந்தான்" என்றான். "கூப்ட்டா திரும்ப மாட்றா, மேடம். அதுக்குத்தான். பொறவியிலயே காது கோளாறோ, இன்னாவோ?"

"எப்பலேர்ந்து திரும்பல?"

"ஆனிலேர்ந்து."

"ஆனில என்ன நடந்துச்சு?"

அவன் சொன்னான். சோறு, கேஸ், சாக்பீஸ், அறை, விசில் சத்தம். சொல்லிக்கொண்டே போனவன் விசில் என்ற இடத்தில் நின்றுவிட்டான். டாக்டர் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அவனே வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் அறையில் கிழிந்தது, எண்ணெயில் சீழ் பிடித்தது, கேட்காமல் போனது, கேட்காததற்கு விழுந்த அடியெல்லாம் அதன் பிறகு. அவன் முகத்தில் ஒவ்வொன்றாக அது இறங்குவதைக் குணா பார்த்தாள்.

"மொதல்ல சீழ் காயணும். கோடை லீவுல ஆபரேஷன் பண்ணி சவ்வு ஒட்டலாம்" என்றாள் டாக்டர். "முன்ன மாதிரி முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். ஓரளவு வரும். எண்ணெய் ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க. இனி இந்தப் பிள்ளை மேல ஒரு கை படக்கூடாது. புரியுதா? மறுபடி பட்டுச்சுன்னா நான் வேற ஆளுங்களக் கூப்பிடுவேன்."

திரும்பும்போது பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ஹேமஸ்ரீ பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைக்காமல் கடித்துக்கொண்டிருந்தாள். குணா அவளுக்கு இடது பக்கமாக வந்து நின்றுகொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து எதைப் பேசினாலும் பிள்ளைக்குக் கேட்காது என்பது இப்போது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"யோவ், தானியேல் அண்ணன் உன்ன அடிச்சாரே, அப்ப உம் பின்னாடி கம்பி வந்துகினு இருந்துச்சி. இவ பின்னாடி இன்னாயா வந்துச்சி?"

"கேஸுதாம்மே. பத்திகினு இருந்தா?"

"அடுப்புக்கும் அவளுக்கும் நடுவுல நீ நின்னுகினு இருந்த. அந்தக் கையால அடுப்ப நிறுத்தியிருக்கலாம். நீ மொதல்ல அவள நிறுத்தின."

அவன் ரயில் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அத்த வுடு. அப்பால அடிச்சதெல்லாம்? அப்ப இன்னா வந்துச்சி? நானும் தோசக் கரண்டிய எடுத்தனே, எனக்கு இன்னா வந்துச்சி? டாக்டரம்மா கேக்கறாங்க, உழுந்துட்டன்றா. உன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இல்லய்யா. நீ ஊட்டுக்கு வந்து அடிப்பன்னு."

ரயில் வந்தது. அவன் ஏறவே மறந்து நின்றான். குணாதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அன்றிலிருந்து துளசிராமன் கை ஓங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதை அவன் காப்பாற்றினான். பிள்ளைக்குச் சரியாகக் கேட்காது என்றானபிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மில்லில் காது இல்லாமலே எத்தனை வருஷம் பேசியிருக்கிறான். அந்த ஜாடைகளை இவளுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பழவேற்காட்டுக் கருவாட்டுக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஹேமா, நைனாவ பாரு. இது வந்து, கிட்ட வா" என்று விரலை மடக்கினான். பார்த்தாள். "இது தண்ணி." பார்த்தாள். "இது, நிறுத்து" என்று உள்ளங்கையை உயர்த்தினான்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவன் கையை இறக்கினான். அவள் கண் திறந்தாள். மெல்ல, இன்னும் மெல்ல உயர்த்திப் பார்த்தான். கை தோள் மட்டத்துக்கு வருவதற்குள் இமைகள் மூடிக்கொண்டன. கண் மூடியிருக்கும் பிள்ளையிடம் கையால் எதைப் பேசுவது? பிறகு எழுந்து போய்க் குழாயடியில் நின்றுகொண்டு, கழுவ வேண்டிய அவசியம் இல்லாத கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. தலையைச் சுற்றிக் கட்டு. சைதா நோன்பு மாதமெல்லாம் அந்தப் பிள்ளைக்காக துஆ செய்ததாகச் சொல்லி, ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கஞ்சி போட்டு ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். பூனை சௌக்கியம் என்று ஹேமாவின் வலது காதில் சொன்னாள். "அதுக்கு வலிச்சிச்சா?" என்று ஹேமா கேட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். சைதா, "இல்லடா ராஜாத்தி" என்று பொய் சொல்லிவிட்டு, வராந்தாவில் போய் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்துக் காதைச் சோதிக்க வரச்சொல்லியிருந்தார்கள். கருவியில் எல்லாம் பார்த்தபிறகு அந்தக் களைத்த டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நல்லா ஒட்டியிருக்கு. நீங்களே பாத்துக்குங்க. வலது காதை அம்மா பொத்திக்கட்டும். அப்பா, நீங்க கதவுகிட்ட நில்லுங்க. பின்னாலேர்ந்து பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. கத்த வேணாம், சாதாரணமா."

குணா பொத்திக்கொண்டாள். பிள்ளை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துளசிராமன் கதவருகே போய் நின்றான். மில்லுக்குப் போன நாளிலிருந்து கத்தியே பேசிப் பழகியவன், குரலை எங்கேயிருந்தோ தேடி எடுத்து, பூவைத் தொடுகிற மாதிரிக் கூப்பிட்டான்.

"ஹேமா."

அவளுக்குக் கேட்டது.

கேட்ட அந்த நொடியில் இரண்டு கையும் தானாக மேலே போயின. தலையைப் பொத்திக்கொண்டு, முழங்காலில் முகம் புதைத்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டாள். திரும்பவில்லை.

"கேக்குது, கேக்குதுயா" என்று குணா வாய்விட்டு அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுதாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. டாக்டர் பேனாவைத் திறந்தபடி வைத்திருந்தாள், எழுதவில்லை. துளசிராமன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சவ்வை ஒட்டிவிட்டார்கள். அது வழியாகப் போய்ச் சேர்ந்தது அவன் குரல்தான். போய் அவளிடம் என்ன சொன்னது என்பதையும் அவன் பார்த்துவிட்டான்.

இப்போதும் அவர்கள் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள். மில் ஓடுகிறது. ஹேமஸ்ரீ மறுபடி நடு பெஞ்சுக்கு வந்திருக்கிறாள். சைதாவிடம் கேள்வி கேட்கிறாள், குணாவிடமும் சில சமயம் கேட்கிறாள். துளசிராமன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வருகிறான். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். அவளாக நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறான். சில நாள் பார்க்கிறாள். சில நாள் சோறு ஆறிப்போகிறது.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் உலை பொங்கட்டும். பொங்கி வழிந்தாலும் போகட்டும், சோறுதானே. உங்கள் வீட்டில் யார் எந்தப் பக்கமிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், உங்கள் பிள்ளைகள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடி வரட்டும்.